செவ்வாய்க்கிழமைப் பாப்பா

"அம்மா, பாப்பா ஏன் செவ்வாய்க்கிழமைதான் பொறக்கணும்?"

கசகசா ரொட்டியைக் கடித்தபடி ஐந்து வயது கிங்கா கேட்டாள். டாக்டர் குபியாக் சிரித்துவிட்டார். லூப்ளின் நகரத்து அந்த மகப்பேறு மருத்துவமனையில் முப்பது வருடமாகப் பிரசவம் பார்க்கிறவர் அவர்.

"அதைத்தான் செல்லம் நானும் ஒரு மாசமா கேட்கிறேன். உங்கம்மா இறங்கி வந்தாத்தானே!"

போக்னா தன் நிறைமாத வயிற்றைத் தடவிக்கொண்டாள். கிங்காவுக்கு சிசேரியன், இதற்கும் சிசேரியன்தான் என்று முடிவாகிவிட்டது. தேதியில்தான் தகராறு.

"திங்கக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் காலியா கிடக்கு. செவ்வாய்க்கிழமை மூச்சு விட நேரமில்ல. ஒரு நாள்ல என்னம்மா ஆகிடப்போகுது?"

"செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கிழமை, டாக்டர்."

"சரியாப்போச்சு! உன் மாமியார் என்னடான்னா, குழந்தை பொறக்கிறதுக்கு முன்னாடி பாப்பாவைத் தள்ளுற வண்டி வீட்டுக்குள்ள வந்தா ஆகாதுங்கிறாங்க. நீ கிழமை பார்க்கிறே. நான் எதுக்குத்தான் டாக்டருக்குப் படிச்சேன்?"

கணவன் விதெக் கையைத் தூக்கினான். "எங்கம்மா எவ்வளவோ தேவலை, டாக்டர். வண்டியில ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிட்டா கண்ணு படாதுன்னு போயிடுவாங்க. இவ இருக்காளே, கிங்கா அவசரமா ஞாயித்துக்கிழமை பொறந்துட்டான்னு ரெண்டு நாள் அழுதா!"

"நீ பேசாம இருடா" என்றாள் போக்னா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் பிடிவாதம் தளரவில்லை. டாக்டர் முணுமுணுத்தபடி செவ்வாய்க்கிழமை என்றே எழுதினார்.

திங்கட்கிழமை மதியம் வலி வந்துவிட்டது.

விதெக் சிவப்பு விளக்கைக்கூடப் பார்க்காமல் காரை ஓட்டினான். படுக்கையில் கிடத்தியதும் போக்னா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், குழந்தைக்கு ஆபத்துன்னா இப்பவே எடுத்துடுங்க. கிழமையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆபத்து இல்லேன்னா மட்டும்… நாளைக்கு."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரைக் கேலி செய்யவிடவில்லை. அரை மணி நேரம், குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"பொய் வலி. உள்ளே இருக்கிறவன் ஜம்முனு இருக்கான். நாளைக்கே வெச்சுக்கலாம். ஜெயிச்சுட்டேம்மா நீ!"

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஓர் இளம்பெண் நீலநிறக் குளிர்பெட்டியுடன் மூச்சிரைக்க வார்டுக்குள் ஓடி வந்தாள்.

"ஐஸ்கிரீம் எங்களுக்கு வேண்டாம்மா" என்றான் விதெக்.

"காலிப் பெட்டிதாங்க. உங்க மனைவி மனசு வெச்சா நிறையும். நான் லிதியா. தீக்காய ஆராய்ச்சிக்கூடத்துல இருந்து வர்றேன்." அவள் போக்னாவின் பக்கம் திரும்பி மளமளவென்று பேசினாள். "குழந்தையைச் சுத்தி பனிக்குடச் சவ்வு இருக்குமில்ல, அது எப்படியும் குப்பைக்குத்தான் போகும். அதை எங்க புது முறையில சுத்தம் பண்ணி, வெந்த புண்ணு மேல விரிக்கிறோம். வலி அடங்குது, சீக்கிரமா தோல் மூடுது. பதினோரு பேருக்குப் போட்டோம். பதினோரு பேருக்கும் ஆறிடுச்சு! பன்னிரண்டாவது ஒரு சின்னப் பொண்ணு. கொதிக்கிற சூப்பு கழுத்துல கொட்டிடுச்சு. சிசேரியன்ல எடுக்கிற சவ்வுதான் எங்களுக்கு ஆகும். இன்னிக்குக் குடுக்கச் சம்மதிச்சிருந்த ஒரே அம்மாவுக்குக் காய்ச்சல். நீங்களும் முடியாதுன்னா அடுத்த வாரம்தான், அதுவரைக்கும் அந்தக் குழந்தை…"

"பேனா குடுங்க."

"முதல்ல முழுசா படிச்சுப் பாருங்க, அவசரமில்ல…"

போக்னா அதற்குள் கையெழுத்தைப் போட்டு முடித்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் லிதியா. "யாருக்குப் போகுதுன்னு உங்களுக்குச் சொல்லமாட்டோம். யார் குடுத்ததுன்னு அவங்களுக்கும் தெரியாது. வெறும் எண்தான் இருக்கும். ஒரு நன்றிகூட உங்களைத் தேடி வராது."

"தெரியும்."

லிதியா அதைக் காதில் வாங்கவில்லை. கையுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பத்தே முக்காலுக்குப் பையன் வீறிட்டு அழுதான். அடுத்த சில நிமிடங்களில் லிதியா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடைவழியில் ஓடினாள். "பன்னிரண்டு! பன்னிரண்டு!" என்ற அவள் கூவல் மாடிப்படி வரை கேட்டது.

டாக்டர் தையலை முடித்துக்கொண்டே சொன்னார்: "பார்த்தியாம்மா, உன் கிழமைப் பைத்தியத்தால யாரோ ஒரு குழந்தைக்கு விடிஞ்சிருக்கு. தற்செயல்தான். இருந்தாலும் உன் அந்தோணியாருக்கு நான் ஒரு மெழுகுவத்தி ஏத்திடறேன்."

போக்னா புன்னகைத்தாள்.

பிறகு அறையில் அவளும் குழந்தையும் மட்டும் இருந்தார்கள். விதெக் கிங்காவை அழைத்துவரப் போயிருந்தான். குழந்தையை இடது தோளில் சாய்த்தபோது அங்கியின் கை சரிந்தது. தோளிலிருந்து முழங்கை வரை தோல் மெல்லியதாக, பளபளப்பாக, அலையலையாகச் சுருங்கியிருந்தது.

அவன் பிஞ்சுத் தலையை முத்தமிட்டு, "கொடுத்துட்டோம்டா" என்று அவன் காதில் மட்டும் சொன்னாள்.

கொதித்த பீட்ரூட் சூப் கொட்டிய அந்தக் கையின் மேல், இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், தீக்காய வார்டில் ஒரு டாக்டர் கண்ணாடி போன்ற சவ்வை விரித்தார். "இது யாரோட தோலு?" என்று கேட்டாள் ஆறு வயது போக்னா.

"யாருன்னு எங்களுக்கும் தெரியாது, கண்ணு. யாரோ ஒரு அம்மா குடுத்தது. வாரத்துல ஒரே ஒரு நாள்தான் நாங்க போய் வாங்குவோம். உன் நல்ல நேரம், அவங்க பாப்பா செவ்வாய்க்கிழமை பொறந்துச்சு."