அடையாள அட்டைப் படம்

கமராவைக் கண்ணில் வைத்தபோது கை நடுங்கவில்லை. அதுவே அவருக்குப் பெரிய விஷயம்.

பதினாறு வருடமாக ஒரு படமும் எடுக்கவில்லை. ஷெல்லடியில் அவருடைய போட்டோ ஸ்டூடியோ போனது. பிறகு சீமெந்துக் கடையில் வேலை. கனடாவிலிருந்து மகள் அனுப்பிய கமரா, பெட்டி திறக்காமலே அலுமாரியில் கிடந்தது.

இன்று காலை ஏனென்று தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீதியோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அம்மாமார் எட்டு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு படம் மடியில்.

தகரத்தின் ஓட்டைகளால் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. ஒரு வெடித்த பாதத்தை எடுத்தார். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்த ஒரு கையை எடுத்தார்.

இன்னும் ஒன்று.

வெட்கங்கெட்ட சந்தோஷம் அது. அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். இவருக்கோ வெளிச்சம் சரியாக விழுந்துவிட்டதென்று மனம் துள்ளியது.

ஓரத்தில் இருந்த ஓர் அம்மாவின் கையிலிருந்த படத்துக்குக் கிட்டப் போனார்.

படத்தில் ஒரு பையன். பின்னால் நீலத் திரை. வலது மூலையில் ஒரு மடிப்பு.

அந்த மடிப்பை அவர் ஒருநாளும் இஸ்திரி போட்டு எடுத்ததில்லை.

அவருடைய திரை. அவர் எடுத்த படம். பையனின் பதினாறு வயதில் அடையாள அட்டைக்கு எடுத்தது. காது இரண்டும் தெரிய, வாய் மூடி, கீழே நிரோஜன் என்று பெயர்.

கமராவை இறக்கினார்.

அந்த அம்மாவுக்கும் ஆளைத் தெரிந்துவிட்டது.

"உங்களிட்டத்தான் எடுத்தது, தம்பி. முதல் எடுக்கேக்க இவன் சிரிச்சுப்போட்டான். நீங்கள் ஏசிப்போட்டுத் திருப்பி எடுத்தனீங்கள்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

அந்தச் சிரித்த படத்தின் நெகட்டிவாவது தப்பியிருக்குமா என்று அந்த அம்மா கேட்டார். வீட்டிலிருந்த படமெல்லாம் இடம்பெயர்ந்தபோது போய்விட்டதாம். மிஞ்சியது இது ஒன்றுதானாம். மகன் சிரிக்கிற முகம் இப்போது நினைவுக்கு வர மாட்டேன் என்கிறதாம்.

பழுதான நெகட்டிவை அன்றன்றே வெட்டிக் குப்பையில் போடுவது அவருடைய வழக்கம். வேலையில் கறாரான ஆள் என்று ஊரில் பெயர். அதையும் அன்றைக்கே வெட்டியிருந்தார்.

சொல்லிவிட வாயெடுத்தார்.

"தேடிப் பாக்கிறன், அக்கா."

அந்த அம்மா படத்தைத் தலைப்பால் துடைத்து மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

"அவசரமில்லை, தம்பி. ஆறுதலாத் தேடுங்கோ. நான் இஞ்சதான் இருப்பன்."