ஆன நேரம்

"பூஜ்யம்டி! ஒரு தாமதம்கூட இல்ல. தலைமைப் பதவி உனக்குத்தான்!" செக்கித்தோ தன் தட்டிலிருந்த மத்தோக்கே வாழைக்காய் மசியலில் பாதியை நமுத்தேபியின் பக்கம் தள்ளினான்.

நமுத்தேபிக்குக் கண் கலங்கிவிட்டது. டேட்டாபேஸ் பிரிவின் தலைமைப் பதவிக்குப் போட்டியே அவர்கள் இருவருக்குள்தான். ஆனாலும் என்ன மனசு இவனுக்கு!

கம்பாலாவின் அந்தப் பேருந்து நிறுவனத்தில், டிக்கெட் தேட மூன்று நொடிக்கு மேல் ஆனால் டேட்டாபேஸ் அதைத் தாமதப் பட்டியலில் தானாகவே எழுதிவிடும். தினமும் இருநூறு வரி வந்த பட்டியலை, ஒரு மாதம் மல்லுக்கட்டி நாற்பதாக்கியிருந்தாள். நேற்றிலிருந்து ஒரு வரியும் இல்லை.

மேலாளர் பியமுகிஷா உள்ளே வந்தார். "கவுன்ட்டர்ல இன்னும் பத்து நொடி ஆகுது. பட்டியல் மட்டும் எப்படிம்மா காலி?"

பதறிப்போய்த் திறந்து பார்த்தாள். மூன்று நொடி என்ற வரம்பை யாரோ முந்நூறாக்கியிருந்தார்கள்.

"சத்தியமா நான் இல்ல சார்! இவன் என்கூடவேதான் இருந்தான், கேளுங்க!"

"நீதான் மாத்தினேன்னு அவன்தாம்மா வந்து சொன்னான். பதவிக்காக இப்படியா?"

செக்கித்தோ தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

போன மாதம் தன் அக்கா கல்யாணத்துக்குக் கிளம்பும்போது நமுத்தேபி, "அவசரம்னா என் பேர்லயே உள்ள போய்க்கோடா" என்று தன் கடவுச்சொல்லை அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள்.

யார் எதை மாற்றினாலும் அளந்து எழுதிவைக்கும் டேட்டாபேஸ், அதையும் எழுதி வைத்திருந்தது.

மாற்றியவர்: நமுத்தேபி. ஆன நேரம்: ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு.