பழைய ஃபைல்

சின்ன காஞ்சிபுரத்தில் ஹயக்ரீவன் வீட்டு முன்னறைதான் பிரவுசிங் சென்டர். நாளைக்கு ப்ளஸ் டூ ரிசல்ட். நெட் அடிக்கடி விழுந்ததால் மெக்கானிக் கமலை வரவழைத்திருந்தார்.

"ரவுட்டர் பூஜை ரூம் பக்கத்துல இருக்கு. உள்ள வந்து பாக்கறேளா?"

"வேணாம் சார். இங்கிருந்தே கமாண்ட் அடிச்சா போதும்." கமல் தன் லேப்டாப்பில் தட்டினான். "அதோட மெமரியில இடமில்ல. ரவுட்டரை ஓட்டற பழைய ஃபைலை அழிச்சிட்டேன், புதுசை ஏத்திக்கினு இருக்கேன். முடியறவரைக்கும் ஆஃப் பண்ணக் கூடாது. பண்ணா ரவுட்டர் அப்புறம் எழுந்திருக்காது."

பாதி ஏறியது.

"நீங்க எந்த ஊர்?"

"தென்னேரி சார்."

"அங்க எந்தத் தெரு?"

கமல் சொன்னான். ஹயக்ரீவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

ஃபைல் ஏறுவது நின்றது. "வயர் லூசா இருக்குது போல. உள்ள போயி அழுத்திட்டு வரேன் சார்."

"நீ உக்காரு. நான் பாத்துக்கறேன்."

உள்ளே போனார். சற்று நேரத்தில் லேப்டாப்பில் இணைப்பு அறுந்தது. பிடுங்கிய வயர்கள் தரையில் இழுபட, ரவுட்டரை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"ஆஃப் பண்ணக் கூடாதுன்னு சொன்னேனே சார்."

"பூஜை ரூமைத் தாண்டி நீ எதுக்குப்பா வரணும்? இங்கயே வெச்சுப் பாரு."

கமல் லேப்டாப்பை மூடினான்.

"இதுல மட்டும்தான் சார் பழசு அழிஞ்சிருக்குது."