வேலியோரப் பதியம்

குமுதா கையில் இருந்தது வெட்டுக்கத்தியா, காய் நறுக்கும் கத்தியா என்று எனக்கு இப்போது நிச்சயமாக நினைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கத்தியோடு பக்கத்து வீட்டு வேலியை ஏறிக் குதித்தாள் என்பது மட்டும் உறுதி.

புந்தோங்கில் எங்கள் தெருவில் அந்த வீடு ஸ்டானிஸ்லாஸுடையது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தனி ஆள். ஞாயிறு காலை சர்ச்சில் இருப்பார். வாசலில் கிடந்த அவருடைய ஒரே ஜோடிச் செருப்பைத் தாண்டி, மனோரஞ்சிதக் கொடியிடம் போனாள் குமுதா.

எல்லாம் மாமியாருக்காக. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று, குமுதா தன் மாமியார் கருப்பம்மாளைக் கேட்காமலே அவருடைய மனோரஞ்சிதத்தை வெட்டி, சிமெண்ட் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து கருப்பம்மாள் மருமகளிடம் பேசவில்லை. பசித்தால்கூட மகன் ரூபனிடம் சொல்வார். ரூபன் வந்து மனைவியிடம் சொல்வான். மற்ற நேரமெல்லாம் ஸ்டானிஸ்லாஸின் கொடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

சிம்பாங் பூலாய் நர்சரியில் வாங்கிவந்த இரண்டு கன்றுகளும் கருகிவிட்டன. ஸ்டானிஸ்லாஸிடம் ஒரு கிளை கேட்டுப் பார்த்தாள்.

“கொடுத்தா வேர் பிடிக்காதும்மா,” என்றார்.

“நீங்க எங்க வாங்குனீங்க அண்ணே?”

“வாங்கலைலா,” என்றவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

திருடி நட்ட செடிதான் தழைக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வேலியோரக் கிளை ஒன்றில் தேங்காய் நார் சுற்றிப் பதியம் கட்டியிருந்தது. வேர்கூட வெளியே எட்டிப் பார்த்தது. ஒரே வெட்டு. சிமெண்ட் படாத மூலையில் கொண்டுபோய் நட்டுவிட்டாள்.

செடி பிடித்துக்கொண்டது. மறுவருடம் முதல் பூ பூத்தது. பழுத்த பலா மாதிரி ஒரு வாசம் வேலியைத் தாண்டிப் போனது. ஸ்டானிஸ்லாஸ் முகர்ந்துகொண்டே வந்து வேலியருகில் நின்றார். குமுதா கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்தாள்.

“அண்ணே, அது ஒங்க செடிதான். நான்தான் எடுத்தேன்.”

“தெரியும்மா. அன்னைக்கு நான் சர்ச்சுக்கே போகல. ஜன்னல்கிட்டதான் நின்னேன். பதியம் கட்டுனதே ஒனக்காகத்தான்லா.”

அப்போது குமுதாவின் பின்னாலிருந்து, ஒன்றரை வருடம் கழித்து, மாமியார் அவள் பெயரைச் சொன்னார்.

“குமுதா, இவன் என் செடியைத் திருடுனப்ப நானும் இப்படித்தான் ஜன்னல்ல நின்னேன்.”

ஸ்டானிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வேலி இப்போது இல்லை. மாமியாரும் மருமகளும் தேவைக்கு மேலேயே பேசிக்கொள்கிறார்கள். ரூபனுக்குத் தூது வேலை போய்விட்டது. எதிர்வீட்டு தினேஸ்வரி வந்து ஒரு கிளை கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டாள் குமுதா. அன்றே ஒரு கிளையில் கட்டிவைத்த பதியம் வேர் விட்டதும், கேட்டைப் பூட்டாமல் கோயிலுக்குப் போனாள்.