சாவியை மட்டும் தரமாட்டேன்

"சாவியைக் குடுங்கப்பா. வாங்காம நான் இங்கேருந்து நகரமாட்டேன்."

ஜோலீன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. டுலூத் நகரத்திலிருந்து பனியில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தவள், சமையலறை வழியாக நேரே கார் ஷெட்டுக்குள் நுழைந்து கத்த ஆரம்பித்துவிட்டாள்.

அவள் அப்பா எல்டன் திரும்பிப் பார்க்கவில்லை. எண்பதை நெருங்கும் மனிதர். காதில் பென்சில், தலையெல்லாம் ஜிப்சம் தூள். சுவரைத் தடவித் தடவி ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"பூட்ஸைத் துடைச்சுட்டு உள்ள வா."

"பூட்ஸ்தான் இப்ப ரொம்ப முக்கியம்!"

கைப்பையைத் தூக்கித் தார்ப்பாயின் மேல் எறிந்தாள். ஷெட்டின் நடுவில், தார்ப்பாய் போர்த்தியபடி, படகு நிற்கும் இடம் அது. ஏரி உறையும் நவம்பர் வந்தால் படகு உள்ளே, வண்டி வெளியே. அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான்.

மற்றபடி ஷெட்டே அடையாளம் தெரியவில்லை. கூரையும் சுவர்களும் ஜிப்சம் பலகை அடித்து வெள்ளை வெளேரென்று இருந்தன. தெருப்பக்கச் சுவரில் மட்டும் ஒரு பலகை பாக்கி. அந்த இடைவெளியில், பிளாஸ்டிக் தாளுக்குப் பின்னால், குளிருக்கு அடைத்த கண்ணாடிப் பஞ்சு ரோஸ் நிறத்தில் தெரிந்தது.

"குழந்தைங்க ரோடு தாண்ட ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கு போட்டு நின்னிருக்கு. மத்த வண்டியெல்லாம் நிக்கணும், நீங்கபாட்டுக்குத் தாண்டிப் போயிருக்கீங்க. ரோடுல இறங்கின குழந்தை இன்னும் ஒரு எட்டு எடுத்து வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"வெயில்ல கண்ணு கூசிடுச்சு."

"அன்னிக்கு மழை பெஞ்சுதுப்பா!"

எல்டன் இன்னொரு ஸ்க்ரூவை எடுத்தார்.

"பஸ் ஓட்டறவ எனக்குப் போன் பண்ணி அழறா. நீங்க என்னடான்னா, குளிர்காலம் பூரா உக்காந்து மீன் பொம்மை செதுக்கறதுக்கு மாளிகை கட்டிக்கிட்டிருக்கீங்க. இங்க பாருங்க, இந்த வரிசையில ஒரு ஸ்க்ரூகூட மரச்சட்டத்துல ஏறல. வெறும் பஞ்சைக் குத்திக்கிட்டு நிக்குது. கண்ணு தெரியலைன்னு இதைவிட யாரு வந்து சொல்லணும்?"

எல்டன் அந்த வரிசையைத் தடவிப் பார்த்தார். எல்லாவற்றையும் கழற்றி, விரலால் சட்டத்தைத் தேடிப் பிடித்து மறுபடி முடுக்கினார். முகம் சிவந்துவிட்டது.

"செதுக்கறதுக்கு விரல் போதும்" என்றார்.

"வண்டி ஓட்டறதுக்குப் போதாது!"

"பத்து வயசுல டிராக்டர் ஓட்டினவன் நான். உனக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான். என் பாக்கெட்ல கைவிட்டுச் சாவி எடுக்க இன்னும் ஒருத்தரும் பொறக்கல. நீயும்தான்!"

"வண்டி எங்க? வாசல்ல காணோம்."

"பத்திரமா இருக்கு."

"தெரியும். உங்க கூட்டாளி ஆர்வில் வீட்டுக் கொல்லையில! வரும்போதே பாத்தேன், தார்ப்பாயைப் போட்டு மூடி, மேல பனி ஏறிக் கிடக்கு. ரெண்டு கிழவனும் சேர்ந்துக்கிட்டு என்னை ஏமாத்தறீங்களா?"

"அவனைத் திட்டாதே. கூரைப் பலகையெல்லாம் அவன்தான் தாங்கிப் பிடிச்சான். இன்னிக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, வரல. நீ வந்து இந்தக் கடைசியைப் பிடி."

"நானா?"

"கத்தறதுக்கு வாய்தானே வேணும்? கை சும்மாதான இருக்கு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்த கோபத்துக்குப் பலகையை ஒரே தூக்காகத் தூக்கினாள். இடைவெளியில் பொருத்தித் தோளால் முட்டுக்கொடுத்து நின்றாள். எல்டன் மேலிருந்து முடுக்கிக்கொண்டே வந்தார். ட்ரில் போட்ட சத்தத்துக்கு மேல் அவள் கத்தினாள்.

"திங்கக்கிழமை ஷெரிஃப் ஆபீஸுக்குப் போறேன். லைசென்ஸைப் பிடுங்கச் சொல்றேன். பெத்த அப்பனையே காட்டிக் குடுத்தாள்னு ஊர் பேசட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல! யாரோட குழந்தையையாவது கொன்னுட்டு வந்து நின்னீங்கன்னா, அப்புறம் நான் உங்களை எப்படிப்பா பாப்பேன்?"

ட்ரில் சத்தம் நின்றது. எல்டன் குனிந்து, அடியில் இருந்த கடைசி ஸ்க்ரூவை முடுக்கினார்.

"விடு. நின்னுடுச்சு."

ஜோலீன் கையைத் தட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளைத் தூள்.

"இப்பவே ஆர்வில் வீட்டுக்குப் போறேன். ஆளைக் கூப்பிட்டு வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போகச் சொல்றேன்."

"இழுத்தா என் படகுதான் போகும்" என்றார் எல்டன்.

அவள் கைப்பையை எடுத்து அவளிடம் கொடுத்தார். தார்ப்பாயின் முனையைப் பிடித்து இழுத்தார்.

உள்ளே அவருடைய பழைய பச்சை பிக்கப் வண்டி நின்றது. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியின் மேல் குறுக்கே பலகை போட்டிருந்தார். அதன் மேல் உளிகளும், பாதி செதுக்கிய மர மீன் ஒன்றும்.

ஜோலீன் வண்டியைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். சமையலறைக்குப் போகும் சின்னக் கதவைத் தவிர நாலு பக்கமும் வெள்ளைச் சுவர்.

"அப்பா... வண்டி வெளிய போற பெரிய கதவு எங்க?"

எல்டன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"சாவியை மட்டும் தரமாட்டேன்" என்றார். "கதவு இந்தச் சுவருக்குப் பின்னாடி இருக்கு. கடைசிப் பலகையை நீதானே தோள் குடுத்துப் பிடிச்சே."