ஒப்புக்கு ஒரு டைரக்டர்

"தெரியாது சார்."

அக்கா இதைச் சொல்வது இருபத்து மூன்றாவது தடவை.

காலை பத்தரைக்கு விசாரணை அறையில் வந்து உட்கார்ந்தவள். இப்போது மணி ஒன்றே கால். மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து சுங்க அதிகாரி கேட்பார், இவள் தெரியாது என்பாள், மூலையில் இருப்பவர் அதைத் தட்டச்சு செய்வார்.

வக்கீல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்தார். பார்க்கலாம், ஆனால் காதில் விழக் கூடாது, அதுதான் விதியாம். இவள் உதடு அசையும்போதெல்லாம் அவர் பாட்டுக்குத் தலையை ஆட்டினார்.

வழக்கு இவ்வளவுதான். பெயின்ட் வாளிக்கு மூடி செய்கிற கம்பெனி. அதற்கு மூலப்பொருளான பிளாஸ்டிக் மணிகளை வெளிநாட்டிலிருந்து வரியில்லாமல் தருவித்துக்கொள்ள இறக்குமதி உரிமம் கொடுத்திருந்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: வந்த மணி எல்லாம் சொந்தத் தொழிற்சாலையில் மூடியாக வேண்டும், ஒரு மூட்டைகூட வெளியே விற்கக் கூடாது.

விற்றிருக்கிறார்கள். லாரி லாரியாக, மூன்று வருடம்.

கம்பெனியைப் பிடித்து ஜெயிலில் போட முடியாது. அதற்குக் கையும் இல்லை, விலங்கு மாட்ட. ஆகவே அதை நடத்திய டைரக்டர்களைப் போடுவார்கள். இந்தக் கம்பெனிக்கு டைரக்டர்கள் இரண்டே பேர். தம்பி நேற்றே உள்ளே போய்விட்டான். இன்று அக்காவின் முறை.

நீங்கள் சும்மா ஒப்புக்குச் சப்பாணி என்று வக்கீல் மூன்று நாளாகப் பாடம் நடத்தியிருந்தார். தம்பி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டீர்கள், கம்பெனி எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாது, அவ்வளவுதான். அப்படிச் சொன்னால் இன்றைக்கே வீடு. இல்லாவிட்டால் மூன்று வருடம்.

அம்மா வேறு, புறப்படும்போது கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெத்தது ரெண்டு, ஒண்ணாவது வெளியில இருக்கட்டும்டி என்று ஒரே அழுகை.

சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். சொல்லச் சொல்ல வயிறு எரிந்தது.

தெரியாதாம்! இயந்திரம் போடுகிற சத்தத்தை வைத்தே எந்த அச்சு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சூடு ஐந்து டிகிரி கூடினால் அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும். பதினோரு வருடம் ஷெட்டில் நின்றதில், கிரீஸ் கறை படாத துணி என்று அவளிடம் ஒன்றுகூடக் கிடையாது.

ஆனால் யாராவது வாடிக்கையாளர் வந்தால் தம்பி முன்னால் போய் நின்றுகொள்வான். "எங்க அக்கா, வீட்ல போரடிக்குதுன்னு வருவாங்க."

வந்தவர்களும் இவளைப் பார்த்து, ஒரு டீ கிடைக்குமா என்பார்கள்.

வாளி கவிழ்ந்தாலும் பெயின்ட் கசியாத மாதிரி மூடிக்கு ஒரு வளையம் போட யோசித்தவள் இவள். மேடையேறிக் கேடயம் வாங்கியவன் அவன். ஆறு வருடம் சண்டை போட்டு ஆபீசில் தனக்கென்று ஒரு மேஜை வாங்கினாள். ஒரே வாரத்தில் அது அவன் ஹெல்மெட் வைக்கிற இடமாகிவிட்டது.

இப்போது அந்தப் பொய்தான் இவளைக் காப்பாற்றப்போகிறது. கோபப்படவும் வழியில்லை. முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல், அதிகாரி ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. குறுக்குக் கேள்வி போட்டு மடக்குவார்கள் என்று எவ்வளவு பயந்து வந்தாள்! ஒரு மண்ணும் இல்லை. பாவம் இந்த அம்மா என்கிற பார்வைதான்.

"அச்சுல வார்க்கிறதுன்னா என்னன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, இவள் வாயைத் திறப்பதற்குள், "சரி விடுங்க. தெரியாதுன்னு போட்டுக்கப்பா" என்று மூலைக்குச் சொன்னார்.

அதைப் போடக்கூட இவளைக் கேட்கவில்லை.

ஒருவழியாக வாக்குமூலம் மூன்று பக்கத்தில் முடிந்து வந்தது. தொழில் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, வீட்டு வேலைகளை மட்டும் கவனித்து வருகிறேன் என்று ஆரம்பித்திருந்தது. பக்கத்துக்கு ஒரு கையெழுத்து, எழுந்து போய்க்கொண்டே இருக்கலாம். அதிகாரியே பேனாவைத் திறந்து நீட்டினார்.

முதல் பக்கத்தில் போட்டாள். இரண்டாவதிலும் போட்டாள்.

அதிகாரிக்கு நல்ல பசி. வேலை முடிந்த நிம்மதி வேறு. மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தப்பு தப்புதான். ஆனா உங்க தம்பி மூளையை மெச்சணும்மா. பழைய பிளாஸ்டிக்கை வாங்கி அரைச்சு, புது மணியோட நூத்துக்கு முப்பது கலந்திருக்காரு. மூடியைப் பாத்தா புத்தம் புதுசு. அதுல மிச்சமான மணியைத்தான் வெளியில வித்திருக்காரு. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு. இப்படி ஒரு யோசனை லேசுல யாருக்கும் வராது."

யோசனை முழுக்க என்னுடையது, அக்காவுக்குச் சம்பந்தமே இல்லை என்று தம்பி நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டானாம். இவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்திருக்கிறான். அது இவளுக்குப் புரியாமல் இல்லை. பாசக்காரத் தம்பிதான்.

அக்கா மூன்றாவது பக்கத்தின்மேல் பேனாவை வைத்தாள். வைத்த பேனா நகரவில்லை. பிறகு பேனாவை மூடி, அதிகாரி பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

"முப்பது இல்ல சார், இருபத்திரண்டு. முப்பது போட்டா மூடி விரிசல் விட்டுடும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலே மாசம்தான் ஆச்சு."