சொடக்குப் போட்டால் நட்சத்திரம்

"நான் சொடக்குப் போட்டா வானத்துல நட்சத்திரம் மின்னும். பார்க்கறீங்களா?"

கண்ணாடிக்கடைப் பெண் சிரித்தாள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு மொட்டைமாடியில் கால் பாவவில்லை. அவளை இங்கே வரவழைக்கவே அவன் தலைகீழாக நின்றிருந்தான்.

செத்துப்போன ராக்கெட் ஒன்று அந்தி வானத்தில் புரண்டு புரண்டு போகும். புரளும்போதெல்லாம் வெயில் பட்டுப் பளிச்சிடும். எத்தனை விநாடிக்கு ஒரு தரம் என்பதை, இதையே வேலையாகப் பார்க்கும் இணையக் குழுவில் 'ஆந்தை' என்று எழுதும் முகம் தெரியாத யாரோ ஒரு பெரியவரிடம் கெஞ்சி வாங்கியிருந்தான். "ஐயா, ஒரு பொண்ணை அசத்தணும். நீங்கதான் கைகொடுக்கணும்!"

முதல் மினுக்கலை ஓரக்கண்ணால் பிடித்து, மனசுக்குள் எண்ணினான். சொடக்கு! பளிச்!

"அம்மாடி!" என்று அவள் வாயைப் பிளந்தாள்.

மறுபடி எண்ணினான். சொடக்கு! பளிச்!

"மந்திரவாதிதான் போங்க!"

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னொரு தரம் மின்னிட்டா என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"மின்னட்டும், பார்ப்போம்."

சொடக்கினான். வானம் கம்மென்று இருந்தது. இன்னொரு சொடக்கு. ஊஹூம். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அவசரப்படாதீங்க" என்று அவள் அண்ணாந்து பார்த்தாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு கையை உயர்த்தி, ஒரே ஒரு சொடக்கு.

பளிச்!

"அது ரெண்டு தரம் சீக்கிரமா மின்னும், அடுத்தது தாமதமா வரும். அதை மட்டும் உங்களுக்கு எழுதாம விட்டேன். அசத்தப் போற பொண்ணு யாருன்னு தெரியாம முழுசாச் சொல்லிட முடியுமா?"

"அப்போ... கட்டிக்கிறது?" என்று அவன் இழுத்தான்.

"அதான் மின்னிடுச்சே! இனிமேலாவது என்னை 'ஐயா'ன்னு எழுதாதீங்க."